கைமாறும் அட்டையின் விலை



மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், நாலந்தாவைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால் நாவுல என்னும் சிறு நகரத்தை அடையலாம். அங்கிருந்து கிழக்கே பிரியும் வீதி எலஹெர என்னும் மாணிக்கக்கல் நிலத்துக்குச் செல்கிறது. தெற்கே மாத்தளைப் பக்கமோ மிளகு விளையும் பூமி. ஆதலால் ஒரு பொருளைக் கையில் வாங்கிப் பார்த்து அதற்கு விலை சொல்லுகின்ற கலை இப்பகுதி மக்களுக்குப் புதியதன்று. கல் வாங்குபவர் விளக்கொளியை நம்புவதில்லை. முற்றத்துக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மிளகு வாங்குபவர் மணியின் கருமையை மட்டும் கண்டு மயங்குவதில்லை. ஒரு பிடியை நீரில் இட்டு, மிதக்கும் பதரைக் கணக்கிடுவார். அல்லது லீற்றர்ப் பாத்திரத்தில் நிரப்பி, எத்தனை கிராம் நிற்கின்றது என்று நிறுத்துப் பார்ப்பார்.

அத்தகைய ஊரிலே, கல்லுமல்லாத மிளகுமல்லாத ஒரு பொருளுக்கு விலை சொல்லும்படி என்னை ஒருவர் அழைத்தார். அப்பொருள் கணினியின் வரைகலை அட்டை. கடைத்தெருவில் இதனை 'வீ.ஜீ.ஏ.' என்றே சொல்வார்கள். அந்தப் பெயர் 1987ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பனி வெளியிட்ட ஒரு பழைய திரைமுறைக்கு உரியது. அம்முறை வழக்கொழிந்த பின்னும் பெயர் மட்டும் நம் நாட்டில் நிலைத்துவிட்டது. அது கிடக்கட்டும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், உயர்தரமான ஒரு வரைகலை அட்டை பிறர் கையில் இருந்து பழையதாக நம்மிடம் வரும்போது, அதற்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்பதே.

இவ்வட்டை யாதென்று அறியாத நேயர்களும் இருப்பீர்கள். திரையில் தோன்றும் உருவங்களின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமும் ஒளியும் கணித்துக் கொடுப்பது இதன் வேலை. புள்ளிகள் இலட்சக்கணக்கானவை, ஆதலின் ஒரு பெரும் புலவரை வைத்து ஒவ்வொன்றாகக் கணிப்பதைவிட, ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்களை ஒரே வேளையில் வேலைவாங்குவது மேல் என்று கண்டார்கள். என்விடியா கம்பனி 2020 செப்ரெம்பரில் வெளியிட்ட ஆர்.ரி.எக்ஸ். 3080 என்னும் அட்டையில் அத்தகைய சிறு கணக்கர்கள் 8,704. நான் பார்க்கச் சென்றதும் அந்த அட்டையையே.

வாங்க விரும்பியவன் மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞன். லயத்து அறையின் மூலையில் பழைய கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, கட்டடங்களின் உட்புறம் கட்டி முடிந்த பின் எவ்வாறு தோன்றும் என்பதை முப்பரிமாணப் படங்களாக வரைந்து, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பிச் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தான். ஒரு படம் உருவாகி முடிய அவனுடைய கணினி இரவு முழுவதும் உழைத்தது. காலையில் பிழையொன்று தென்பட்டால் மற்றுமோர் இரவு. இப்படியிருந்தால் குறித்த நாளில் வேலையை ஒப்படைப்பது எங்ஙனம்? அவனுடைய தாய் குவைத்தில் ஒரு வீட்டில் பணிபுரிகின்றார். தம்முடைய பிள்ளைக்கு இது வெறும் விளையாட்டுப் பொருளன்று என்று எப்படியோ விளங்கிக்கொண்டு, 125,000 ரூபாவை அனுப்பியிருந்தார். அந்தப் பணத்தின் பொறுப்பும் சேர்ந்துதான் அன்று என்னுடன் பஸ்ஸில் வந்தது.

விற்பவரும் இளைஞரே. எலஹெர வீதியில், நகரிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் வீடு. கொரியாவுக்கு வேலைக்குச் செல்லத் தெரிவாகியிருந்தார். போவதற்கு முன் கணினியைப் பகுதி பகுதியாக விற்றுக்கொண்டிருந்தார். 2024 ஒக்ரோபர் மாதம் அது. அட்டைக்கு அவர் கேட்ட விலை 140,000 ரூபா.

"சேர், நான் இதை 2021இல் மூன்று இலட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கினேன். பாதிகூட நான் கேட்கவில்லை" என்று சிங்களத்தில் சொன்னார்.

நேயர்களே, அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த உண்மையால் பயனில்லை. 2020இல் இந்த அட்டைக்குக் கம்பனி அறிவித்த விலை 699 டொலர். 2021இல் உலகெங்கும் நுண்சில்லுகளுக்குத் தட்டுப்பாடு; அதனோடு எதீரியம் என்னும் மறைகுறி நாணயத்தை ஈட்டுவதற்காக இத்தகைய அட்டைகளைப் பத்துப் பத்தாக வாங்கி அடுக்குவோரின் பேராசையும் சேர, அறிவித்த விலையின் இரட்டிப்புக்கும் அட்டைகள் விலைபோயின. பின்னர் 2022 செப்ரெம்பர் 15ஆம் நாள் எதீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. அன்றோடு அந்த நாணயத்தை ஈட்ட அட்டைகள் தேவையற்றுப் போயின. அடுக்கி வைத்திருந்தவை சந்தைக்கு வந்து குவிந்தன. ஆகவே 2021இன் விலை, வெள்ளம் வந்த ஆண்டில் தோணிக்காரன் கேட்ட கூலியைப் போன்றது. வெள்ளம் வடிந்த பின் அதனை எடுத்துக்காட்டுவதில் பொருளில்லை.

நமது நாட்டில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது மே மாதத்தில் 360ஐ அண்மித்தது. அக்காலத்தில், பல மாதங்கள் உழைத்துத் தேய்ந்த பொருளைக்கூட வாங்கிய விலைக்கு மேலாக விற்றவர்கள் உண்டு. தாம் வாங்கிய பொருள் தங்கம்போல வளர்கின்றது என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். வளர்ந்தது பொருளன்று, ரூபாதான் தேய்ந்தது. ரூபாவில் நினைவிருக்கும் பழைய விலை எதுவும் இத்தகைய பொருளுக்கு அளவுகோலாகாது.

மற்றொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகின்றது. 2020 செப்ரெம்பர் முதலாந் திகதி, ஆர்.ரி.எக்ஸ். 3070 என்னும் புதிய அட்டை 499 டொலருக்கு வரப்போகின்றது என்றும், அது அன்றுவரை அரசனாக இருந்த 2080 ரி.ஐ. அட்டைக்கு ஈடானது என்றும் அறிவித்தார்கள். ஆயிரம் டொலரும் அதற்கு மேலும் கொடுத்து 2080 ரி.ஐ. வாங்கியிருந்தவர்கள் கலங்கிப்போய், 500 டொலருக்கும் குறைவாக அவசரம் அவசரமாக விற்றார்கள். புதிய அட்டையோ கடைகளில் கிடைக்கவில்லை. சில மாதங்களில் பழைய அட்டையின் விலை மீண்டும் ஏறிவிட்டது. விற்றவர்கள் அறிவிப்பைக் கேட்டு விற்றார்கள். கடைத் தட்டில் பொருள் இருக்கின்றதா என்று பார்க்கவில்லை.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? இதே வேலையை இதே வேகத்தில் செய்யும் புதிய பொருளை இன்று, நமது ஊர்க் கடையில், என்ன விலைக்கு வாங்கலாம் என்பதே மேல் எல்லை. 3080 செய்யும் வேலையை ஏறக்குறைய அதே வேகத்தில் செய்யும் ஆர்.ரி.எக்ஸ். 4070 என்னும் அட்டை 2023 ஏப்பிரலில் வந்தது. 2024 ஜனவரியில் அதன் விலை 549 டொலராகக் குறைக்கப்பட்டது. டொலருக்கு 300 ரூபா எனக் கொண்டால் 164,700. அதன் மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. கடைக்காரரின் இலாபமும் சேர, இரண்டு இலட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அட்டை 200 வாற் மின்சாரத்தில் வேலையை முடிக்கும்; 3080க்கு 320 வாற் வேண்டும். அதன் நினைவகம் 12 கிகாபைற்; நாம் பார்க்கப்போவதிலோ 10 தான். அதற்கு உத்தரவாதம் உண்டு, இதற்கு இல்லை. எனவே 'பாதி விலை' என்பதை விற்பவர் மூன்று இலட்சத்திலிருந்து எண்ணக்கூடாது. இரண்டு இலட்சத்திலிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும்.

அடுத்து, வாங்க வந்த இளைஞன் என் காதருகே கேட்ட கேள்வி: "சேர், இது நாணயம் ஈட்டிய அட்டையா என்று கேளுங்கள்."

கேட்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. விற்பவர் தாமாகவே சொன்னார்: 2021 நடுப்பகுதி முதல் ஓராண்டுக்கு மேல் இரவும் பகலும் ஓடியது, 2022 ஓகஸ்ற் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்த்தப்பட்டதும் நிறுத்திவிட்டேன் என்றார். இளைஞனின் முகம் வாடிவிட்டது. நாணயம் ஈட்டிய அட்டை என்றால் தீட்டுப்பட்டது போல ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. இது சரியான எண்ணமன்று என்பது என் கருத்து. நாணயம் ஈட்டுவோர் மின்சாரச் செலவுக்கு அஞ்சி, பெரும்பாலும் அட்டையின் மூளைப்பகுதிக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் குறைத்தே ஓட்டினார்கள். அது ஒரே சூட்டில் நாள் முழுவதும் நிலைத்திருந்தது. விளையாட்டுக்கு ஓட்டும் அட்டையோ மாலையில் கொதித்து, இரவில் ஆறி, மறுநாள் மீண்டும் கொதிக்கின்றது. இவ்வாறு விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கியே ஈயப்பற்றுகள் களைப்படைகின்றன. ஆதலின் கடந்த காலக் கதையை வைத்து ஒன்றைக் குற்றவாளி என்றும் மற்றதை நிரபராதி என்றும் தீர்ப்பளிக்க முடியாது. நாணயம் ஈட்டிய அட்டையில் தேய்பவை எவை என்று அறிந்து, அவற்றைத் தேடிப் பார்ப்பதே முறை. அவை மூன்று இடங்கள்: இடையறாது சுழன்ற விசிறிகளின் தாங்கிகள், நினைவகச் சில்லுகள், அச்சில்லுகளுக்கும் உலோக வெப்பம் கடத்திக்கும் இடையே வைத்திருக்கும் மென்மையான பட்டைகள்.

இவ்விடத்தில் எலஹெரக் கல் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 'கெவுட' என்று சொல்லப்படும், பால்போல் மங்கிய கல்லை ஒருகாலத்தில் மதிப்பாரில்லை. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அதனை வாங்கிச் சென்று, உயர்ந்த வெப்பத்தில் சுட்டு, நீல மாணிக்கமாக்கி விற்றார்கள். கல்லுக்கு வெப்பம் விலையைக் கூட்டியது. அட்டைக்கோ வெப்பம் விலையைக் குறைப்பதொன்றே செய்யும்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். கையில் எடுத்தவுடன் பாரமாக இருந்தது. பாரமாக இருப்பதனால் உள்ளே எல்லாம் இருக்கின்றது என்று நினைத்துவிடக் கூடாது. 2023, 2024ஆம் ஆண்டுகளில் 4090 என்னும் மிக உயர்ந்த அட்டைகள் சிலவற்றில், மூளைச் சில்லையும் நினைவகச் சில்லுகளையும் கழற்றி எடுத்துவிட்டு, வெறும் பலகையையும் வெப்பம் கடத்தியையும் முன்போலவே பூட்டி விற்ற மோசடிகள் வெளிவந்தன. வெளித்தோற்றமும் நிறையும் அப்படியே இருக்கும், உள்ளே பதர். மிளகுக்காரருக்கு இதனை விளக்கவே தேவையில்லை. ஆதலால் ஓடிக்காட்டாத அட்டையை எந்த விலைக்கும் வாங்கலாகாது. பழுதுபார்ப்பவர் உதிரிப் பாகத்துக்காக வாங்குவது வேறு விடயம்.

பெட்டியின் மேலிருந்த தொடரிலக்கமும், அட்டையின் முதுகில் ஒட்டியிருந்த தொடரிலக்கமும், கடைச் சிட்டையில் எழுதியிருந்ததும் ஒன்றாகவே இருந்தன. திருகாணியின் மேல் ஒட்டிய முத்திரை கிழிந்திருக்கவில்லை. பொன்முலாம் பூசிய பற்களில் கருமை இல்லை. மின்கம்பி செருகும் இடத்தில் உருகிய அடையாளமோ தீய்ந்த வாசனையோ இல்லை. பல்லி எச்சமும் எறும்புப் புற்றுமண்ணும் இல்லாததைக் கண்டு உண்மையிலேயே மகிழ்ந்தேன். நம் நாட்டு வீடுகளில் கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு என் மகிழ்ச்சியின் காரணம் விளங்கும்.

பின்னர் அட்டையை அவருடைய கணினியிலேயே ஓட்டினோம். முதலில் ஜீ.பீ.யூ.-ஸீ என்னும் இலவசச் சிறு நிரலைத் திறந்து, அட்டை தன்னைப்பற்றி என்ன சொல்கின்றது என்று பார்த்தேன். பழைய மலிவான அட்டையின் உள்ளே பெயரை மாற்றி எழுதி, உயர்ந்த அட்டையாக நடிக்கச் செய்யும் வஞ்சகம் பல காலமாக உண்டு. 2018 முதல் இந்நிரல் அத்தகைய பல போலிகளை அடையாளம் கண்டு எச்சரிக்கின்றது. நமது அட்டை 8,704 கணக்கர்களையும் 10,240 மெகாபைற் நினைவகத்தையும் காட்டியது. பெயரும் உண்மை, உடலும் உண்மை.

அடுத்தது பாரம் ஏற்றுதல். இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகின்றார்கள். விற்பவர் ஒரு விளையாட்டைத் திறந்து ஐந்து நிமிடம் காட்டுவார். படம் அழகாக ஓடும். வாங்குபவர் பணத்தை எண்ணத் தொடங்குவார். ஐந்து நிமிடத்தில் வெப்பம் கடத்தியே முழுதாகச் சூடேறியிராது. அரைமணி நேரமாவது முழுப் பாரத்தில் ஓட வேண்டும். அறை வெப்பமாக இருந்தால் இன்னும் நல்லது. குளிரூட்டிய கடையில் பார்த்த அட்டை, தகரக் கூரையின் கீழ் வேறு குணம் காட்டும்.

ஓட்டினோம். பத்து நிமிடத்தில் மூளைப்பகுதியின் வெப்பம் 74 பாகையில் வந்து நின்றது. நல்லது. விற்பவர் பெருமையோடு என்னைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த எண்ணையன்று. அதற்குக் கீழே இருந்த நினைவகச் சந்தியின் வெப்பத்தை. இந்த அட்டையின் நினைவகம் வேகம் மிகுந்தது. அதனாலேயே சூடும் மிகுந்தது. 110 பாகையை எட்டினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பதினைந்தாம் நிமிடத்தில் 102, பதினெட்டாம் நிமிடத்தில் 106, இருபதாவதில் 108. பட்டைகள் காய்ந்துவிட்டன என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நடு விசிறியிலிருந்து, தேய்ந்த அம்மியை உருட்டுவது போன்ற ஓர் ஒலியும் மெல்லக் கேட்டது.

இருபத்திரண்டாம் நிமிடத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. ஒக்ரோபர் மாதத்துப் பிற்பகல். மலைப்பக்கம் கருத்து, இடிமுழக்கம் தொடங்கிவிட்டது. அதற்கு முன்பே விற்பவரின் தாயார் உள்ளிருந்து ஓடிவந்து, "மகன், கழற்று, கழற்று" என்று சொல்லிச் செருகியைப் பிடுங்கிவிட்டார். அவரே அவ்வீட்டின் மிகச் சிறந்த பொறியியலாளர் என்று எனக்குத் தோன்றியது. பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் நமது நாட்டில் இடிமின்னலால் பழுதாகும் கணினிப் பாகங்கள் கொஞ்சமல்ல. பழைய அட்டை வாங்கும்போது, அந்த வீட்டுக் கணினியில் முன்பு வேறெந்தப் பாகமாவது இடிவிழுந்து பழுதானதுண்டா என்று கேட்டு வைப்பது நல்லது.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிளேன்ரீயும் கருப்பட்டித் துண்டும் வந்தன. இந்த இடைவேளை எனக்கு உதவியே செய்தது. சூடாக இருக்கும்போது நன்றாக ஓடும் அட்டைகள் சில, முழுதும் ஆறிய பின் எழுந்திருக்க மறுப்பதுண்டு. ஈயப்பற்றில் மயிரிழை வெடிப்பு இருப்பின் அவ்வாறு நேரும். மின்சாரம் மீண்டதும் அட்டை தடையின்றி எழுந்தது. நினைவகத்தைச் சோதிக்கும் நிரலை இருமுறை ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. திரையில் கோடுகளோ, மின்மினிபோல் தெறிக்கும் புள்ளிகளோ தோன்றவில்லை. ஆகவே உயிர் நன்றாக இருக்கின்றது. பட்டைகளும் ஒரு விசிறியும் மாற்றப்பட வேண்டும் என்பதே என் முடிவு.

இனி விலை. இளைஞனிடம் ஒரு தாள் வாங்கி, இருவரும் பார்க்கும்படி எழுதினேன். மறைத்து எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. அவனுடைய தாய் குவைத்தில் உழைக்கின்றார் என்றால், இவரும் கொரியாவுக்கு உழைக்கத்தானே போகின்றார்.

புதிய அட்டை இரண்டு இலட்சம். அது ஐந்து ஆண்டு இவனுக்கு உழைக்கும் எனக் கொண்டேன். இந்தப் பழைய அட்டை மூன்று ஆண்டு. ஐந்தில் மூன்று பங்கு 120,000. இந்த ஐந்தும் மூன்றும் வேதவாக்கல்ல. இன்னொருவர் நான்கும் இரண்டும் என்று வைத்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் ஏதேனும் ஓர் எண்ணைத் தாளில் எழுதிவிட வேண்டும். மனத்தில் வைத்திருந்தால் ஆசை வந்து அதனைத் திருத்திவிடும். அடுத்தது மின்சாரம். இரண்டுக்கும் வேறுபாடு 120 வாற். நாளுக்கு மூன்று மணி நேரமாக ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 108 அலகு. மூன்று ஆண்டுக்கு 324 அலகு. அலகு 40 ரூபா என்று ஒரு கணக்குக்காக வைத்தால் 12,960 ரூபா. பட்டைகளும் விசிறியும் கூலியும் சேர்த்து 9,000. இரண்டையும் கழிக்க, 98,040 ரூபா.

இது அட்டையின் விலை. இவனுக்கு அதன் விலை என்ன என்பது வேறு கேள்வி. இவனுடைய கணினியிலிருந்த மின்வழங்கி 550 வாற்றுக்கு உரியது. 3080க்குக் கம்பனி பரிந்துரைப்பது 750. இவ்வட்டை சில கணப்பொழுதுகளில் தன் அளவையும் மீறி மின்சாரத்தை இழுக்கும்; மின்வழங்கி போதாதாயின் வேலையின் நடுவே கணினி அணைந்துவிடும். ஆகவே புதிய மின்வழங்கிக்கு 25,000 ரூபாவாவது வேண்டும். அட்டையைப் பழையதாக வாங்கலாம். மின்வழங்கியைப் பழையதாக வாங்க நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை. அது பழுதானால் தான் மட்டும் சாவதில்லை. எனவே தாய் அனுப்பிய 125,000இல், அட்டைக்குக் கொடுக்கக்கூடியது ஒரு இலட்சமே.

நினைவகத்தைப் பற்றியும் அவனுக்கு ஒரு வார்த்தை சொன்னேன். 3080 வெளிவந்த அதே மாதத்தில் 3090 என்னும் அட்டையும் 1,499 டொலருக்கு வந்தது. விலை இரு மடங்குக்கும் மேல். விளையாட்டில் வேகமோ சிறிதளவே கூடுதல். அதனை வாங்கியவர்களைப் பலர் எள்ளி நகையாடினார்கள். ஆனால் அதன் நினைவகம் 24 கிகாபைற். பின்னர் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைத் தம் வீட்டுக் கணினியிலேயே ஓட்ட விரும்பும் ஆராய்ச்சியாளர்கள் தோன்றிய போது, அவர்களுக்கு வேகத்தைவிட இடமே பெரிதாயிற்று. உடன்பிறந்த இரு அட்டைகளில், நகைக்கப்பட்டதே தன் மதிப்பை நன்றாகக் காத்துக்கொண்டது. இளைஞனின் முப்பரிமாணக் காட்சிகள் அந்நாளில் 7 கிகாபைற் அளவில் அடங்கின. 10 போதும், என்றென்றைக்கும் போதுமா என்றால், இல்லை. மூன்று ஆண்டு என்று நான் எழுதியதன் ஒரு காரணம் அதுவே.

விற்பவர் தாளை நீண்ட நேரம் பார்த்தார். தாம் அறியாத குறைகளை நான் கண்டுபிடித்ததில் அவருக்குச் சிறிது மனவருத்தம். "மல்லி, ஒன்பதாயிரம் செலவிட்டுப் பட்டைகளையும் விசிறியையும் நீங்களே மாற்றி, பரிசோதனையின் படத்தையும் காட்டினால், இதைவிட நல்ல விலைக்கு வேறொருவருக்கு விற்கலாம்" என்றும் சொன்னேன். பஸ்ஸில் திரும்பும்போது இளைஞன் என்னோடு சரியாகப் பேசவில்லை. தனக்காக வந்தவர் அடுத்த பக்கத்துக்கு ஏன் யோசனை சொல்ல வேண்டும் என்ற கோபம். நியாயமான கோபமே. ஆயினும் எனக்குத் தெரிந்ததை ஒருவருக்கு மட்டும் சொல்லி மற்றவருக்கு மறைத்தால், நான் சொல்லிய விலை மதிப்பீடாக இராது, பேரமாகிவிடும்.

ஐந்து நாள் கழித்து நாவுலயிலிருந்து தொலைபேசி வந்தது. கண்டியிலிருந்து ஒருவர், பார்க்காமலே 115,000 தருவதாகச் சொன்னவர், சொன்ன நாளில் வரவில்லையாம். பயணம் நெருங்கிவிட்டது, ஒரு இலட்சத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கணக்கைவிட 1,960 ரூபா கூடுதல். இளைஞன் என்னைப் பார்த்தான், நான் தலையசைத்தேன். சிட்டையின் பின்புறத்தில் தொடரிலக்கத்தையும் விலையையும் எழுதி, ஏழு நாளுக்குள் அட்டை நின்றுபோனால் பணம் திருப்பித் தரப்படும் என்று கையொப்பமும் இட்டுக் கொடுத்தார் அந்தப் பிள்ளை. கேட்டது நான்தான், ஆனால் அவர் தயங்கவில்லை.

பட்டைகளும் விசிறியும் கண்டியில் மாற்றப்பட்டன. அதற்கான 9,000 ரூபாவைத் தோட்டத்துச் சீட்டிலிருந்து கடனாக எடுத்தான். அதன் பின் முழுப் பாரத்தில் நினைவகத்தின் வெப்பம் 92 பாகைக்கு மேல் ஏறவில்லை. இரவு முழுவதும் எடுத்த படம் அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. முதலாவதாக அனுப்பியது வளைகுடா நாட்டு மாளிகையொன்றின் குளியலறைப் படம். சுவரெங்கும் பளிங்கு, தங்கநிறக் குழாய்கள். தாய் தொலைபேசியில் அதனைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரிக் குளியலறையைத்தான் நான் தினமும் கழுவுகிறேன் என்றாராம்.

2025 மார்ச் மாதத்தில் ஆர்.ரி.எக்ஸ். 5070 வந்தது. அறிவித்த விலை அதே 549 டொலர். வேகமோ 4070ஐவிடக் கூடுதல். அன்று மாலையே இளைஞன் தொலைபேசியில் அழைத்தான்.

"சேர், இப்போது நம்முடையதற்கு என்ன விலை?"

"விற்கப்போகிறாயா?" என்றேன்.

"இல்லை, சேர். கணக்கு மட்டும் பார்த்தேன். மேல் எல்லை இறங்கிவிட்டது. ஆண்டும் இரண்டரைதான் மீதி. எழுபதாயிரத்துக்கு மேல் யாரும் கொடுக்கக்கூடாது."

நானும் தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எனக்கு 72,000 வந்தது.